பூஜைக்குப் போன பூட்டு

எட்வர்ட் யாரையும் நம்பமாட்டார். குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அவரைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் இங்கேதான் ஆரம்பிக்க வேண்டும். ஆரம்பாக்கம் ஸ்டேஷனில் நிற்கும் அவருடைய சைக்கிளுக்கு முன் சக்கரத்தில் ஒரு பூட்டு, பின் சக்கரத்தில் ஒரு பூட்டு. அந்தச் சைக்கிளைத் திருடுகிறவன் தலையில் தூக்கிக்கொண்டு போனாலும் காயலான் கடைக்காரன் வாங்கமாட்டான். சாப்பாட்டுக் கேரியருக்கும் ஒரு சின்னப் பூட்டு உண்டு. உள்ளே இருப்பது காரக்குழம்பும் அவித்த முட்டையும். தண்ணீர் பாட்டிலில் தண்ணீர் நிற்கிற மட்டத்தில் பேனாவால் கோடு போட்டு வைத்திருப்பார். ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்தவன் சும்மா சிரித்தால்கூடப் பர்ஸைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் எங்கள் கம்பெனி இரும்பு வார்ப்பு செய்கிறது. பெயர் வேண்டாம், நான் இன்னும் அங்கேதான் சம்பளம் வாங்குகிறேன். அவர் அங்கே எலக்ட்ரீஷியன், நான் ஃபிட்டர். கோபால் என்று பெயர், வாய் கொஞ்சம் நீளம். "பூட்டு எட்வர்ட்" என்று அவருக்குப் பட்டம் கட்டியது நான்தான். அது ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் பரவி, கேட்டில் நிற்கிற செக்யூரிட்டிகூட "பூட்டு வந்துட்டாரா?" என்று கேட்கிற அளவுக்குப் போய்விட்டது. அவருக்கு அதில் வருத்தம் எதுவும் இல்லை. பட்டப்பெயரைத் திருடிக்கொண்டு போக முடியாது என்று நினைத்திருக்கலாம்.

ஒரு நாள் காலை வேலையில் இருக்கும்போது அவர் மனைவி செண்பகம் அண்ணி போன் செய்து கத்தினார். வீட்டில் ஃபேன் ஓடவில்லை, மிக்ஸி ஓடவில்லை. விஷயம் என்னவென்றால், காலையில் ஸ்விட்ச் ஒன்றைப் பழுது பார்க்கிறேன் என்று மெயின் பியூஸைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டவர், திருப்பிப் போடாமல் அப்படியே ரயிலேறி வந்துவிட்டார்.

"ஏண்ணே, உங்க ஊட்ல உங்க பியூஸை எவன் எடுக்கப் போறான்? பொட்டிலயே வெச்சிட்டு வேலை பாத்தா இன்னா?" என்று கேட்டேன்.

"பக்கத்து ஊட்டுக்காரன் வந்து போட்டுட்டான்னா?"

"அவனுக்கு இன்னா அவசியம்?"

"அவசியத்துக்கா நைனா மனுசன் ஸ்விட்ச் போடறான்? கை சும்மா இருக்காது. போடுவான்."

நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். மதியம் கேன்டீனில் எல்லோருக்கும் நடித்தும் காட்டினேன்.

இப்படிப்பட்ட மனிதரிடம்தான் கம்பெனி ஒரு நாள் சிவப்புப் பூட்டைக் கொண்டுவந்து கொடுத்தது. வெளிநாட்டிலிருந்து எங்களிடம் சரக்கு வாங்குகிறவர்கள் வந்து பார்த்துவிட்டு, கரண்ட் வேலைக்கு ஒழுங்கான பாதுகாப்பு இல்லையென்றால் ஆர்டர் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். அதுவரை எங்கள் பாதுகாப்பு முறை எளிமையானது. மெயினை இறக்குவோம், "டேய், எவனும் போடாதீங்கடா!" என்று ஒரு சத்தம் போடுவோம், வேலையைத் தொடங்கிவிடுவோம். இனிமேல் அப்படிக் கிடையாது. மெயினை இறக்கிய ஆள் அதன் கைப்பிடியில் தன் பூட்டைப் போட வேண்டும். சாவி அவன் பையில். வேலை முடிந்து அவன் வந்து திறந்தால்தான் கரண்ட். ஒவ்வொரு பூட்டிலும் போட்டோவும் பெயரும் ஒட்டி ஆளுக்கொன்றாகக் கொடுத்தார்கள்.

எங்களுக்கு அது இன்னொரு விதி. கொடுத்த வாரமே எல்லாச் சாவிகளையும் அவசரத்துக்கு ஆகும் என்று ஒரே ஆணியில் மாட்டினோம். வெல்டர் சரவணன் தன் பூட்டைக் கேன்டீன் சர்க்கரை டப்பாவுக்கு இரவல் கொடுத்தான். எட்வர்டுக்கு மட்டும் அந்தப் பூட்டு ஜாதகப் பொருத்தத்தோடு வந்து சேர்ந்தது. ஒரு ட்யூப்லைட் மாற்றுவதற்குக்கூட மெயினை இறக்கிப் பூட்டு போட்டார், பூட்டை இழுத்துப் பார்த்தார், சாவியைப் பையில் போட்டுப் பையைத் தட்டிப் பார்த்தார். வேலை தாமதமாகிறது என்று சூப்பர்வைசர்கள் பேஜாரானார்கள். ஆனால் விதி விதிதானே, ஒன்றும் சொல்ல முடியவில்லை.

சென்னையிலிருந்து பயிற்சி கொடுக்க ஒருவர் வந்தார். ப்ரொஜெக்டர் ஒயரில் பிளக் இல்லாததால் இரண்டு கம்பியையும் சாக்கெட் ஓட்டையில் செருகித் தீக்குச்சியால் இறுக்கிவிட்டு, மின் விபத்தைத் தடுப்பது எப்படி என்று வகுப்பெடுத்தார். எட்வர்ட் எழுந்து போய்க் கதவோரம் நின்றுகொண்டார். வகுப்பு முடிந்ததும் பயிற்சியாளர் அவரைக் கூப்பிட்டு, இவ்வளவு ஒழுங்காகப் பூட்டு போடுகிறீர்களே, முன்பு ஏதாவது விபத்தைப் பார்த்திருக்கிறீர்களா என்று உருக்கமாகக் கேட்டார்.

"இல்ல சார். மனுசனைப் பாத்துருக்கேன்" என்றார் எட்வர்ட்.

அந்த வருஷம் கம்பெனிக்குப் பாதுகாப்புக்காக ஒரு கேடயம் கிடைத்தது. அதை வாங்கிய பெருமையில் எங்கள் மேனேஜர் வீரராகவன் சார் கேட் வாசலில் பெரிய பேனர் வைத்தார். எட்வர்ட் பூட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கும் போட்டோ, கீழே "பாதுகாப்பு நாயகன்". நாயகன் வந்து பேனரைப் பார்த்தார். தன் முகத்தை இல்லை, பேனரின் இரும்புச் சட்டத்தை. அது மேலே போகும் கரண்ட் கம்பிக்குப் பக்கத்தில் சாய்ந்திருந்தது. செக்யூரிட்டியை வைத்துக்கொண்டு அதை இழுத்து அந்தப் பக்கம் நகர்த்திக் கட்டினார். அதனால் பேனரில் பாதி முகம் மரக்கிளைக்குப் பின்னால் போய்விட்டது.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் ஏரியாவில் அன்றைக்குத்தான் தொழிற்சாலைக்குக் குடும்பம் வரும். மற்ற நாளில் கேட்டுக்கு வெளியே சாப்பாடு கொடுத்துவிட்டுப் போகிற பெண்கள் அன்றைக்குப் பட்டுப்புடவையில் உள்ளே வந்து, புருஷன் எந்த மிஷினில் நிற்கிறான் என்று பார்த்துவிட்டுப் போவார்கள். எட்வர்ட் மாதிரி கிறிஸ்தவர்களான வேதக்காரக் குடும்பமும் வரும், பொரி வாங்கும். செண்பகம் அண்ணி வீட்டில் தையல் மிஷின் ஓட்டுகிறவர். அன்றைக்குத் தானே தைத்த ஜாக்கெட்டும் மாம்பழ நிறப் பட்டுமாக வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். நாயகனின் மனைவி இல்லையா!

அன்றைக்கு எங்கள் ஷெட் எப்படி இருந்தது என்று சொல்ல வேண்டும். தரையெல்லாம் கழுவிவிட்டு ஈரம். பூஜை என்பதால் எல்லோரும் பாதுகாப்பு ஷூவைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டு வெறுங்காலில் நடந்தோம். பேனல் பெட்டிகளுக்கெல்லாம் மாலை, வாழைக்கன்று, சந்தனம். "அபாயம்" பலகையில் இருக்கும் மண்டை ஓட்டுக்கு யாரோ பயபக்தியோடு நெற்றியில் பொட்டு வைத்திருந்தார்கள். தலைக்கு மேலே ஓடுகிற பெரிய கிரேனுக்குச் சீரியல் லைட் கட்டியிருந்தார்கள். லைட் கட்ட வெளியிலிருந்து வந்தவன் எங்கெங்கோ தேடி, கடைசியில் கிரேன் மெயின் பெட்டியிலிருந்தே லைன் இழுத்துவிட்டான். கிரேன் மெயினைத் தூக்கினால்தான் சீரியல் லைட்டும் எரியும். பாதுகாப்புக்காகக் கேடயம் வாங்கிய கம்பெனி நாங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, சாமி படத்துக்கு முன்னால் வீரராகவன் சார் எங்கள் சிவப்புப் பூட்டுகள் அத்தனையையும் கோலம் போட்டது போல அடுக்கியிருந்தார். நடுவில் எட்வர்டின் பூட்டு. அதன் மேல் மட்டும் ஒரு சாமந்திப் பூ. "இந்த வருஷம் நம்மளக் காப்பாத்தின ஆயுதம் இதுதான்பா" என்றார். பூட்டைக் கேட்டபோது எட்வர்ட் உடனே கழற்றிக் கொடுத்ததுதான் எனக்கு ஆச்சரியம். தன் வாழ்க்கையில் ஒரு பொருளை இன்னொருத்தர் கையில் கொடுத்துவிட்டு அவர் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். மரியாதை என்று வந்தால் பூட்டுகூடத் திறந்துகொள்கிறது.

தீபாராதனைக்குக் கொஞ்சம் முன்னால் கிரேன் மக்கர் செய்தது. பூஜை முடிந்ததும் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்துக் கிரேனைக் கொஞ்சம் ஓட்டி, முதல் லோடை லாரியில் ஏற்றி, நல்ல நேரத்துக்குள் ஆந்திர எல்லையில் இருக்கும் எளாவூர் செக்போஸ்ட் பக்கம் அனுப்புவது எங்கள் வழக்கம். கிரேன் ஓடாவிட்டால் வருஷமே ஓடாது என்பது போல வீரராகவன் சார் முகம் மாறிவிட்டது.

"எட்வர்ட், சட்டுனு பாத்துடுப்பா. கோபாலையும் கூட்டிக்கினு போ."

எட்வர்ட் நேராகச் சாமி படத்தை நோக்கி நடந்தார். பூட்டை எடுக்கத்தான். சார் குறுக்கே வந்துவிட்டார்.

"இன்னாப்பா இது? பூஜையில வெச்ச ஆயுதத்தை நாளைக்கு எடுத்தாதானே முறை? இப்ப தொடக்கூடாது."

"பூட்டு இல்லாம மேல ஏறக்கூடாது சார்."

"சரவணனை மெயின் பக்கத்துல நிறுத்தறேன். அவன் நிக்கசொல்லோ எவன் தொடப்போறான்? பொம்பளைங்கெல்லாம் பாத்துக்கினு இருக்காங்க, வம்பு பண்ணாதப்பா."

எட்வர்ட் திரும்பி முன்வரிசையைப் பார்த்தார். அண்ணி பெருமையாகக் கையை ஆட்டினார். எட்வர்ட் கிரேன் மெயின் பெட்டி பக்கம் நடந்தார். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பாக இருந்தது. பூட்டு எட்வர்டே ஒரு மனுஷனை நம்பி ஏறப்போகிறார், அதுவும் சர்க்கரை டப்பா சரவணனை நம்பி. இதைக் கேன்டீனில் எப்படிச் சொல்லலாம் என்று அப்போதே யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

அவர் மாலையைத் தள்ளிவிட்டு மெயினை இறக்கினார். பெட்டிக் கதவைத் திறந்து, குனிந்து எதையோ பார்த்தார், டெஸ்டர் வைத்துப் பார்த்தார், கதவை மூடினார். வாசலுக்குப் போய்த் தன் ஷூவை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்து, ஏணியில் பாதி ஏறியதும் யாருக்கும் தெரியாமல் போட்டுக்கொண்டார். சரவணன் பெட்டிக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு வெகு விறைப்பாக நின்றான்.

கிரேனுக்கான கரண்ட் மேலே சுவரோரமாக ஓடுகிற இரும்புப் பட்டைகளில் வருகிறது. அந்தப் பட்டையை உரசிக்கொண்டே போகும் கார்பன் கட்டை தேய்ந்துவிட்டிருந்தது. அதை மாற்ற வேண்டுமென்றால் கை பட்டையில் படாமல் முடியாது. நான் கட்டையைத் தாங்குகிற கம்பியைப் பிடித்துக்கொண்டேன், அவர் போல்ட்டைக் கழற்றினார். இரண்டு பேருடைய கையும் இரும்பில் இருந்தது. வேறு இடத்தில் வைக்க வழியும் இல்லை.

கீழே பொரிகடலைப் பொட்டலம் கொடுக்க ஆரம்பித்தார்கள். சரவணன் ஒரு தரம் திரும்பிப் பார்த்தான். இன்னொரு தரம் திரும்பிப் பார்த்தான். பிறகு போய்விட்டான். கெட்ட எண்ணம் ஏதும் இல்லை, வீட்டில் மூன்று பிள்ளைகள், பொட்டலம் தீர்ந்துவிடும் என்கிற கவலை. இதை எட்வர்டிடம் சொல்ல வாயெடுப்பதற்குள் மைக்கில் வீரராகவன் சாரின் குரல் வந்தது.

"இப்பொழுது சீரியல் விளக்குகளை ஏற்றிவைக்க, நமது பாதுகாப்பு நாயகன் எட்வர்ட் அவர்களின் துணைவியார் திருமதி செண்பகம் அவர்களை மேடையின் சார்பாக அழைக்கிறோம்!"

கைதட்டினார்கள். மாம்பழ நிறப் பட்டுப்புடவை எழுந்தது. கூச்சத்தோடு முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு நேராகக் கிரேன் மெயின் பெட்டிக்கு வந்தது. புருஷன் எங்கே என்று அண்ணி ஒரு தரம் சுற்றிப் பார்த்தார். மேலே மட்டும் பார்க்கவில்லை. வீரராகவன் சார் எங்களை ஏற்றிவிட்டதை மறந்தே போயிருந்தார். அவருக்கு நல்ல நேரம் முடிகிற கவலை. கைப்பிடியைக் காட்டி, "இதைத்தாம்மா, மேல தூக்குங்க" என்று சொல்லிக்கொடுத்தார்.

நான் கத்தினேன். "அண்ணி! வேணாம்! அண்ணீ!" மேளக்காரர் சரியாக அந்த நேரம் பார்த்து உச்சத்துக்குப் போனார். என் குரல் எனக்கே கேட்கவில்லை. "அண்ணே, கையை எடு! கையை எடுண்ணே!" என்று அலறினேன். நான் பிடித்திருந்த கம்பியை விட்டால் கட்டை அவர் தலையில் விழும், விடாவிட்டால் இரண்டு பேரும் போவோம். எங்கள் வீட்டில் என்ன சொல்வார்கள் என்று நினைத்தேன். வேறு ஒன்றும் நினைக்க வரவில்லை.

எட்வர்ட் கீழே பார்த்தார். தன் மனைவியின் வளையல் போட்ட கை கைப்பிடியைப் பிடிப்பதைப் பார்த்தார். கையை எடுக்கவில்லை.

"வுடு, போடட்டும்" என்றார்.

கைப்பிடி மேலே போன சத்தம் எனக்கு முதுகுத்தண்டில் கேட்டது. கண்ணை இறுக மூடிக்கொண்டேன். மேளம் நின்றது. ஒன்றும் ஆகவில்லை. கண்ணைத் திறந்தால் சீரியல் லைட்டும் எரியவில்லை.

எட்வர்ட் தன் சட்டைப்பையைத் தட்டினார். உள்ளே கிண்ணென்று சத்தம் வந்தது. கிரேன் மெயினின் மூன்று பியூஸும் அங்கே இருந்தன. சரவணனை அவர் நம்பவில்லை. வீரராகவன் சாரை நம்பவில்லை. சாமி முன்னால் கிடக்கிற தன் பூட்டைக்கூட நம்பவில்லை. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அந்தச் சந்தேகப் பிராணியைக் கட்டிக்கொண்டு கும்பிடலாம் போல இருந்தது. ஆனால் அவர் மிச்ச போல்ட்டைக் கழற்றாமல் கீழேயே பார்த்துக்கொண்டிருந்தார். கீழே அண்ணி கைப்பிடியை இறக்கி, மறுபடியும் தூக்கி, மறுபடியும் இறக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கோபாலு, இது அவளுக்குத் தெரியவே கூடாது" என்றார் எட்வர்ட். "தெரிஞ்சா அந்தக் கை அவளுக்கே ஆவாது."

கீழே வேறு கதை நடந்துகொண்டிருந்தது. விளக்கு எரியாதது சகுனத் தடை என்று ஒருவர் சொன்னார். வேதக்காரப் பெண்ணைத் தொடவிட்டால் இப்படித்தான் என்று இன்னொரு குரல், அது யாருடையது என்று எனக்குத் தெரியும், சொன்னால் சண்டை வரும். அண்ணி முகம் சுண்டிப்போய்த் தன் நாற்காலிக்குப் போகாமல் கடைசி வரிசைக்குப் போய் நின்றார். லைட்காரன் பெட்டியைத் திறந்து, பியூஸ் இல்லை என்று சொன்னான். நாங்கள் இறங்கினோம். வீரராகவன் சார் அத்தனை பேர் முன்னாலும் எட்வர்டை விளாசினார். பாதுகாப்பு என்றால் ஒரு அளவு வேண்டாமா, நல்ல காரியத்தில் இப்படியா, உன் மனைவிக்கே மரியாதை இல்லாமல் செய்துவிட்டாயே.

எனக்குப் பொறுக்கவில்லை. மேலே என்ன நடந்ததென்று சொல்ல வாயைத் திறந்தேன். எட்வர்ட் என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துக்கொண்டு போனார்.

"சொன்னா இன்னா பண்ணுவாங்க தெரியுமா? விசாரணைன்னு ஒக்காந்து எழுதுவாங்க. ஆள் மேல இருக்கசொல்லோ மெயினைப் போட்டது யாருன்னு ஒரு பேரு எழுதணும். யாரு பேரை எழுதுவாங்க?"

வாய் நீளம் என்று சொன்னேனே, அந்த வாயை அடைத்த முதல் கேள்வி அது.

இரண்டு நாளில் எட்வர்டுக்கு மெமோ வந்தது. அனுமதியில்லாமல் பியூஸைக் கழற்றி விழாவுக்கு இடையூறு செய்ததற்கு. அதே வாரம் கேட் பக்கத்துப் பலகையில், விபத்தில்லாமல் இன்னொரு மாதம் முடிந்ததற்கு எல்லோருக்கும் வாழ்த்துச் சொல்லி எழுதியிருந்தார்கள். நடந்த விபத்துக்கு ஆயிரம் பேர் சாட்சி சொல்வார்கள். நடக்காத விபத்துக்கு நான் ஒருவன்தான் சாட்சி, எனக்கும் வாயில் பூட்டு. அவர் மெமோவில் கையெழுத்துப் போடுவதற்கு முன் பேனா எழுதுகிறதா என்று உள்ளங்கையில் கிறுக்கிப் பார்த்தார். பேனரை ராத்திரியோடு ராத்திரியாக எடுத்துவிட்டார்கள்.

அண்ணி நெடுநாள் அவரோடு சரியாகப் பேசவில்லை. ஒருமுறை ஸ்டேஷனில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஏன் கோபாலு, நீயே சொல்லு. என் கையால ஒரு லைட்டு எரிஞ்சா இவுருக்கு இன்னா கொறைஞ்சிபூடும்? ஊரையே நம்ப மாட்டாரு, சரி. கட்டினவளையுமா நம்பக்கூடாது?"

நான் ரயில் வருகிறதா என்று எட்டிப் பார்த்தேன். ரயில் வருவதற்கு வெகுநேரம் இருந்தது.

டிசம்பரில் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். கிறிஸ்துமஸ் ஸ்டார் கட்ட வாசல் பக்கம் புதிதாக ஒயர் இழுத்துக்கொண்டிருந்தார் எட்வர்ட். மெயின் பியூஸைப் பிடுங்கினார். கை வழக்கம்போலச் சட்டைப்பைக்குப் போனது, பாதியில் நின்றது. வாசற்படியில் உட்கார்ந்து காஜா எடுத்துக்கொண்டிருந்த அண்ணியிடம் நீட்டினார்.

"புடி. நான் கேக்கறவரைக்கும் எவன் வந்து கேட்டாலும் குடுக்காத."

அண்ணி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஊசியைத் துணியில் குத்திவைத்துவிட்டு, பியூஸை இடுப்பில் செருகிக்கொண்டார். "பாத்தியா கோபாலு? இத்தனை வருசம் கழிச்சி இப்பதான் என்னை நம்ப ஆரம்பிச்சிக்கிறாரு" என்று சிரித்தார்.

எட்வர்ட் ஸ்டூல் மேல் ஏறி வெறுங்கையால் கம்பியை முறுக்கினார். இந்த உலகத்தில் ஒரே ஒரு கை அவரைக் கொல்லப் பார்த்தது. பியூஸை அந்தக் கையில்தான் கொடுத்திருக்கிறார். அவர் மேலிருந்து என்னைப் பார்த்தார். நான் ஸ்டார் காகிதத்தைச் சரிசெய்வது போலக் குனிந்துகொண்டேன்.

வேலை முடிந்து, "குடு" என்று கையை நீட்டினார். அண்ணி கொடுக்கவில்லை.

"எறங்கிட்டியா?"

"எறங்கிட்டேன், குடு."

அண்ணி துணியை மடியிலிருந்து எடுத்துவைத்துவிட்டு எழுந்து வந்தார். எட்வர்டின் இரண்டு காலும் தரையில் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். மேலே ஒயர்மேல் கிடந்த ஸ்க்ரூடிரைவரைக் காட்டி அதை எடுக்கச் சொன்னார். அதன் பிறகுதான் இடுப்பிலிருந்து பியூஸை எடுத்துக் கொடுத்தார்.